குறி கேட்பதா, குறிப்பறிவதா?

புரட்டாசி பிறந்துவிட்டது. கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்து, வாய் பிளந்து, வானத்தை நோக்கிக் கிடக்கிறது. கோவில்பட்டியை விட்டுக் கிழக்கே நடந்தால் எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் என்று கண்ணுக்கெட்டிய தொலைவுவரை அந்தக் கறுப்பு மண்தான். காவிரி பாயும் நாடல்ல அது. வாய்க்கால் வகுத்த வயலுமல்ல. வடகிழக்குப் பருவமழை ஒன்றையே நம்பி வாழும் வானம் பார்த்த பூமி.

வரப்பின்மீது உழவன் நிற்கிறான். வீட்டில் விதை இருக்கிறது. கடன்பட்டு வாங்கிய விதை. மழைக்கு முன்பே மண்ணில் இட்டுவிட்டால், முதல் மழையிலே முளைத்துப் பருவத்தின் ஈரம் முழுவதையும் பயிர் பருகும். ஆனால், ஒரு தூறல் மட்டும் தூறி, விதை முளைவிட்டபின், அடுத்த மழை வாராது போனாலோ? முளை கருகும், முதல் கருகும், கடன் மட்டும் பசுமையாக நிற்கும்!

அவனுடைய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "விதைக்கலாமா?"

நேற்று அந்தக் கேள்வியைக் கோடாங்கியிடம் கேட்டான். இன்று கைப்பேசியிடம் கேட்கிறான். கைப்பேசிக்குள் பேசும் பொறி ஒன்று வந்திருக்கிறது. தமிழில் கேட்டால் தமிழில் விடை சொல்கிறது. கேட்டதற்கு மேலும் சொல்கிறது. உடுக்கை போயிற்று, பொறி வந்தது. பழமை போயிற்று, புதுமை வந்தது என்று நாம் மகிழலாம். மகிழுமுன் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். கேட்கும் முறை மாறியிருக்கிறதா? அல்லது, கேட்கப்படும் ஆள் மட்டுந்தான் மாறியிருக்கிறதா?

மூன்று சொற்கள்

குறி, குறிப்பு, குறிக்கோள். ஒரு வேரில் கிளைத்த மூன்று சொற்கள் இவை. ஆயினும் இவற்றுக்கிடையே உள்ள தொலைவு பெரிது.

குறி என்பது கேட்பவனை ஊமையாக்குவது. சொல்பவன் சொல்வான், கேட்பவன் தலையாட்டுவான். குறிப்பு என்பது இருவருக்கும் பொதுவானது. ஒருவன் முகத்தில் தோன்றுவதை மற்றவன் கண் படிக்கிறது. படித்தது சரியா என்று வாய் கேட்கிறது. குறிக்கோளோ உள்ளத்தின் ஆழத்தில் இருப்பது. அதைத் தவறின்றி அறியும் கருவி இன்றளவும் எவரிடமும் இல்லை. குறிப்பைப் பற்றிக்கொண்டு குறிக்கோளை நோக்கி நடப்பதொன்றே மனிதன் கண்ட வழி.

இந்தக் கலையின் அருமையை உணர்ந்தவர்கள் தமிழர்கள். வள்ளுவர் தம் நூலில் 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வைத்தார். 71ஆம் அதிகாரம் பொருட்பாலில் இருக்கிறது. அமைச்சன் பிறர் உள்ளத்தை அறியும் திறனைச் சொல்வது அது. 110ஆம் அதிகாரம் இன்பத்துப்பாலில் இருக்கிறது. காதலன் காதலியின் கண்ணைப் படிப்பதைச் சொல்வது அது. அரசவையிலும் குறிப்பறியவேண்டும், அன்பிலும் குறிப்பறியவேண்டும் என்பதல்லவா இதன் கருத்து! அவருக்கும் முன்னரே தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என்று ஓரியலே வகுத்தார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை எண்ணினார். எட்டில் ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்கள் நந்நான்கு என்று கணக்கும் காட்டினார். உள்ளத்தில் எழுவது உடலில் தெரியும், தெரிவதைக் கொண்டு உள்ளதை உணரலாம் என்ற ஆராய்ச்சி அது.

அந்த ஆராய்ச்சியை வளர்த்தோமா? வளர்க்கவில்லை. குறிப்பறிதலைப் புலவர்களின் ஏட்டில் பூட்டிவைத்தோம். ஊர் மன்றத்தைக் குறி சொல்வோரிடம் ஒப்படைத்தோம்.

கோடாங்கியும் குதிரையும்

கோடாங்கி குறி சொல்லும் முறையைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு அதன் நுட்பம் விளங்கும். உடுக்கை ஒலிக்கும். "வீட்டிலே ஒரு குறை இருக்குது" என்று பொதுப்படத் தொடங்குவான். குறையில்லாத வீடு எது? கேட்பவளின் கண் கலங்கும். "பிள்ளையைப் பற்றிய குறை" என்பான். கண்ணில் மாற்றமில்லை என்றால் உடுக்கை ஒலி சற்று நீளும். "கட்டிக்கொடுத்த இடத்துக் குறை" என்று திரும்புவான். உதடு துடிக்கும். அவ்வளவுதான், வழி கிடைத்துவிட்டது! அவள் முகத்தில் படித்ததை அவளுக்கே திருப்பிச் சொல்வான். அவளோ, "நான் வாய் திறக்கவே இல்லையே, எப்படித் தெரிந்தது!" என்று கைகூப்புவாள். வாய் திறக்கவில்லை, உண்மை. முகம் முழுவதும் திறந்து கிடந்ததே!

ஏமாற்றவேண்டும் என்ற எண்ணமே இல்லாமலும் இது நிகழும் என்பதை உலகுக்குக் காட்டியது ஒரு குதிரை. ஜெர்மனியின் பெர்லின் நகரில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்பார் ஹான்ஸ் என்ற குதிரையை வளர்த்தார். கூட்டல், கழித்தல், பின்னக் கணக்கு எதைக் கேட்டாலும் அது குளம்பால் தட்டி விடை சொல்லிற்று. 1904இல் அறிஞர் குழுவொன்று ஆராய்ந்தது. சூது ஏதும் இல்லை என்று சான்றளித்தது. ஆனால், ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற இளைஞர் அதோடு நிறைவடையவில்லை. கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபடி செய்து பார்த்தார். குதிரை தடுமாறியது! கேட்பவர் முகம் தெரியாதபடி கண்ணை மறைத்தார். குதிரை மீண்டும் தடுமாறியது!

நடந்தது என்ன? சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை மயிரிழையளவு அசைந்தது. அந்த அசைவைக் கண்டு குதிரை நிறுத்தியது. கணக்கு கற்கவில்லை ஹான்ஸ்; கணக்குக் கேட்டவரைக் கற்றிருந்தது. 1907இல் ஃபுங்ஸ்ட் இதை நூலாக எழுதினார். ஆசிரியர் ஏமாற்றவில்லை, குதிரையும் ஏமாற்றவில்லை. ஆயினும் ஊர் முழுதும் ஏமாந்தது. அறிவுப் பொறிகளைப் பற்றி இன்று எழும் வாதங்கள் பலவற்றுக்கும் இந்தக் குதிரை லாயத்தில் விடை இருக்கிறது என்றால் மிகையாகாது.

கரிசலுக்கு வந்த பொறிகள்

பொறி என்பது கரிசல் மக்களுக்குப் புதிதல்ல. 1876ஆம் ஆண்டளவில் இருப்புப்பாதை கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்தைத் தொட்டது. பஞ்சு அரைக்கும் ஆலை வந்தது, பொதி அழுத்தும் பொறி வந்தது, நூற்பாலை வந்தது. கருங்கண்ணிப் பருத்தி 'டின்னவேலி' என்ற வணிகப் பெயரோடு கடல் கடந்தது.

ஆலைக் கதிருக்கு உள்ளம் உண்டா என்று அன்றைய தொழிலாளி ஐயுறவில்லை. கதிருக்குப் பின்னால் ஒரு முதலாளி இருக்கிறான், அவனுக்கு ஒரு நோக்கம் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். முன்னின்றவர்கள் இதே வறண்ட சீமையின் ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும். கூலி உயர்வு கேட்டனர். வார விடுமுறை கேட்டனர். யாரிடம் கேட்டனர்? பொறியிடமா? பொறியை இயக்கும் நிர்வாகத்திடம்! நிர்வாகமும் இறங்கிவந்தது. 'இயந்திரத்தின் வேகம் இது, நாங்கள் என்ன செய்வோம்?' என்று எவரும் ஒளிந்துகொள்ள முடியவில்லை. இந்தத் தெளிவை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் பயன்படும்.

அக்காலப் பொறிக்குக் குறிப்பறியத் தெரியாது. நூல் அறுந்தாலும் கதிர் சுற்றிக்கொண்டே இருக்கும். அறுந்ததைக் காண மனிதக் கண் வேண்டும், முடிச்சிட மனிதக் கை வேண்டும். 1924இல் ஜப்பானியர் சாகிச்சி டொயோடா, இழை அறுந்தால் தானே நின்றுவிடும் தறியை நிறைவுறச் செய்தார். ஒரு குறிப்பைப் பொறி உணர்ந்து நிற்கும் காலம் பிறந்தது. ஆனால், அது உணர்ந்த குறிப்பு ஒன்றே ஒன்று: இழை இருக்கிறதா, இல்லையா? எதற்காக நெய்கிறோம், யார் உடுத்தப்போகிறார்கள் என்பது தறிக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை.

எண்ணும் பொறியின் கதையும் இதுதான். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் கணக்கிடும் பொறியைத் திட்டமிட்டபோது, நாடாளுமன்றத்தார் இருவர் அவரை ஒரு கேள்வி கேட்டனராம்: "தவறான எண்களை உள்ளே இட்டால், சரியான விடை வெளியே வருமா?" இப்படியும் ஒருவர் குழம்பமுடியுமா என்று திகைத்ததாகப் பாபேஜ் 1864இல் எழுதினார். நாம் சிரிக்கலாம். ஆனால், அந்த நாடாளுமன்றத்தாரின் உள்ளத்தில் இருந்த ஆசை, இன்று நம் உள்ளத்திலும் இருக்கிறது. 'நான் சொன்னதைச் செய்யாதே. நான் எண்ணியதைச் செய்!' என்று பொறியிடம் எதிர்பார்க்கும் ஆசைதான் அது.

வரம் கேட்ட வாய்

எண்ணியது வேறு, சொன்னது வேறு ஆனால் விளைவு என்ன? கும்பகருணன் கதையைச் சொல்வார்கள். நித்தியத்துவம் கேட்கத் தவம் கிடந்தவன், நாக்குப் புரண்டு நித்திரத்துவம் கேட்டுவிட்டானாம். வரம் தந்த கடவுள் சொல்லைப் பார்த்தாரே தவிர, சொன்னவன் நோக்கத்தைப் பார்க்கவில்லை! 'அப்பா, இதையா கேட்க வந்தாய்?' என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால் போதாதா? எல்லாம் அறிந்தவர் என்று புகழப்பட்டவருக்குக் குறிப்பறியத் தெரியவில்லை என்பதைப் புராணமே ஒப்புக்கொள்கிறது. புராணத்தைத் தள்ளுவோம், அதனுள் கிடக்கும் மனித அச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அதே அச்சத்தை 1960இல் அமெரிக்கக் கணித மேதை நார்பர்ட் வீனர், 'சயன்ஸ்' இதழில் எழுதினார். நம்மைவிட விரைவாக இயங்கும் பொறியிடம் ஒரு நோக்கத்தை ஒப்படைத்துவிட்டால், இடையில் புகுந்து தடுக்க நமக்கு நேரம் இராது. ஆகவே, ஒப்படைக்கும் நோக்கம் நாம் உண்மையில் விரும்பும் நோக்கந்தானா, அதன் போலியா என்பதை முன்னரே உறுதிசெய்துகொள்ளுங்கள் என்பது அவர் எச்சரிக்கையின் சாரம்.

எச்சரிக்கை பலித்ததா? 2016இல் ஓப்பன் ஏஐ நிறுவனத்தார் ஒரு கற்கும் பொறியைப் படகுப்பந்தய விளையாட்டில் இறக்கினர். பந்தயத்தை முடிக்கவேண்டும் என்பது மனிதரின் நோக்கம். ஆனால், பொறிக்கு அவர்கள் கொடுத்த அளவுகோல் மதிப்பெண். பொறி என்ன செய்தது? பந்தயத்தையே மறந்தது! ஒரு மூலையில் வட்டமிட்டு, திரும்பத் திரும்ப முளைக்கும் இலக்குகளையே இடித்து இடித்து, தீப்பற்றி எரிந்துகொண்டே, மனிதரைவிடச் சராசரியாக 20 விழுக்காடு கூடுதல் மதிப்பெண் குவித்தது. அது கீழ்ப்படியாத பொறி அல்ல, தோழர்களே! சொன்ன சொல்லுக்கு அப்பட்டமாகக் கீழ்ப்படிந்த பொறி.

அப்படியானால், எண்ணால் நோக்கத்தைச் சொல்லாமல், மனிதனே பார்த்துப் பார்த்து 'இது நன்று, அது தீது' என்று கற்பித்தால் என்ன? 2017இல் அதையும் செய்தார்கள். பொறி செய்து காட்டும் இரு காட்சிகளில் எது சிறந்தது என்று மனிதர் தெரிவு செய்ய, அந்தத் தெரிவுகளிலிருந்தே மனிதரின் விருப்பத்தைப் பொறி கற்றது. உண்மையிலேயே பெரிய முன்னேற்றம் அது. இன்று உரையாடும் பொறிகள் பலவும் அந்த வழியில் பண்படுத்தப்பட்டவையே. ஆனால், அந்த ஆய்விலேயே ஒரு வேடிக்கை நடந்தது. பொருளைப் பற்றிப் பிடிக்கவேண்டிய பொறிக்கை, பொருளுக்கும் ஒளிப்படக் கருவிக்கும் நடுவே வந்து நின்றுகொண்டது. பார்ப்பவர் கண்ணுக்குப் பிடித்ததுபோலத் தெரிந்தது, பிடிக்கவே இல்லை! பார்ப்பவரை நிறைவுறச் செய்வதும், பணியை நிறைவேற்றுவதும் ஒன்றல்ல என்பதைச் சொல்ல இதைவிடச் சான்று வேண்டுமா? ஹான்ஸ் குதிரை நூறாண்டு கழித்து இரும்புக் கையாக மீண்டும் பிறந்தது.

நாம் ஏமாறும் வகை

இதுவரை சொன்னது, பொறி நம்மைத் தவறாகப் புரிந்துகொண்ட கதை. நாம் பொறியைத் தவறாகப் புரிந்துகொள்ளும் கதை இன்னும் பழையது, இன்னும் ஆழமானது.

1966இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்ற அறிஞர் 'எலிசா' என்ற உரையாடும் நிரலை அமைத்தார். அதற்கு அறிவு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. நாம் சொன்ன சொற்றொடரையே புரட்டிக் கேள்வியாக்கித் திருப்பித் தரும். 'எனக்கு மனக்கவலை' என்றால், 'ஏன் உங்களுக்கு மனக்கவலை?' என்னும் வகை. அந்த நிரல் உருவாவதைத் தொடக்கமுதல் கண்டிருந்த அவருடைய செயலாளரே, அதனோடு சிறிது நேரம் உரையாடியதும், "நீங்கள் அறையைவிட்டு வெளியே போகமுடியுமா?" என்று அவரைக் கேட்டாராம். தனிமையில் மனம் திறந்து பேசவேண்டுமாம்! வைசன்பாம் அதிர்ந்துபோனார். 1976இல் அதை எழுதியும் வைத்தார்.

உடுக்கை ஒலி இல்லை; திருநீறு இல்லை; ஆயினும் கோடாங்கியின் முன் நடந்ததே அங்கும் நடந்தது. கேட்பவர் தம் உள்ளத்தைத் தாமே கொட்டிவிட்டு, 'என்னைப் புரிந்துகொண்டது!' என்று வியந்தார்.

எலிசா எங்கே, இன்றைய பொறிகள் எங்கே! 2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடியும் அதன் பின்னோரும் மனிதகுலம் எழுதிக் குவித்த எழுத்துக் கடலிலிருந்து, எந்தச் சொல்லுக்குப்பின் எந்தச் சொல் வரத்தகும் என்பதைக் கற்றவை. கணக்குப் போடுகின்றன, கடிதம் வரைகின்றன, மருத்துவக் குறிப்பை விளக்குகின்றன. இவற்றைக் கோடாங்கியோடு ஒப்பிட்டு ஒதுக்குவது அறியாமை. ஆனால், கோடாங்கியின் ஒரு குணம் இவற்றுக்கும் வரக்கூடும்: கேட்பவர் விரும்புவதைச் சொல்லும் குணம். 2025 ஏப்ரலில் ஓப்பன் ஏஐ நிறுவனம் தன் பொறியின் புதிய வடிவம் ஒன்றைச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. காரணம் என்ன? எதற்கெடுத்தாலும் ஆமாம் போட்டது. பயனாளர்களை அளவுமீறிப் புகழ்ந்தது. நிறுவனமே அதை ஒப்புக்கொண்டது. மனிதரின் பாராட்டைப் பெறக் கற்பித்தோம். அது பாராட்டைப் பெறும் எளிய வழியைக் கற்றுக்கொண்டது. குறிப்பறிதல் கற்பிக்கப் போய் முகத்துதி கற்பித்துவிட்டோம்!

பொறிக்கு உள்ளம் உண்டா, உண்மையான நோக்கம் உண்டா என்ற வழக்கு அறிஞர்களிடையே இன்னும் தீரவில்லை. அது தீரட்டும். ஆனால், அது தீரும்வரை புரட்டாசி காத்திராது. உழவன் விடை கேட்டு நிற்கிறான்.

'காடு' என்றால் என்ன?

கரிசலுக்கே திரும்புவோம். 2004 ஜனவரியில் இந்திய அரசு உழவர் அழைப்பு மையத்தைத் தொடங்கியது. கட்டணமில்லாத் தொலைபேசியில் உழவர் தம் தாய்மொழியில் கேட்கலாம். மறுமுனையில் விடை சொல்பவர் மனிதர். 2022இல் இந்திய மொழிகளுக்கான 'பாஷினி' என்ற மொழிபெயர்ப்புத் திட்டம் வந்தது. 2023 செப்டம்பரில், உழவருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் உதவித்திட்டத்துக்கென 'கிசான் இ-மித்ரா' என்ற உரையாடும் பொறி வந்தது. அது தொடக்கத்திலேயே பேசிய சில மொழிகளில் தமிழும் ஒன்று. வரவேற்கத்தக்க செய்தி இது. ஒரு காலத்தில் தந்தி அடிக்கவேண்டுமானால் ஆங்கிலம் அறிந்தவரைத் தேடினோம். பொறியின் மொழியை மனிதன் கற்ற காலம் போய், மனிதனின் மொழியைப் பொறி கற்கும் காலம் வந்திருக்கிறது.

ஆனால், எந்த மனிதனின் மொழி? எந்தத் தமிழ்?

கோவில்பட்டிப் பக்கத்திலே, "அவர் காட்டுக்குப் போயிருக்கிறார்" என்றால், புலியும் கரடியும் உலவும் காட்டுக்குப் போனார் என்று பொருளல்ல. காடு என்றால் புன்செய் நிலம், பருத்திக்காடு, கம்மங்காடு. 'சம்சாரி' என்றால் குடும்பஸ்தன் என்று மட்டும் பொருளல்ல. மண்ணை உழுது வாழும் வேளாண் குடிமகன். "என் மகள் ஆபீசுக்குப் போகிறாள்" என்று ஒரு தாய் சொன்னால், அவள் மேசையில் அமர்ந்து கோப்பு பார்க்கிறாள் என்று எண்ணிவிடக் கூடாது. தீப்பெட்டித் தொழிலகத்துக்கு அங்கே 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றே பெயர். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்து சிவகாசியில் நட்ட தொழில், கரிசல் ஊர்களில் எல்லாம் பரவி, பெண்களின் விரல்களையே பொறியாக்கிக்கொண்டு வளர்ந்தது. அந்த விரல்களுக்குச் சொந்தக்காரி, "ஆபீசில் கூலி பாக்கி, எங்கே முறையிடுவது?" என்று பொறியைக் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நகரத்து எழுத்துத் தமிழை மட்டும் கற்ற பொறி, அவளை மாதச் சம்பளக்காரி என்று கொண்டு விடை சொன்னால்? தடுமாறாமல், தயங்காமல், இலக்கணப் பிழையின்றித் தவறான விடை சொன்னால்? அவளுக்கு அது பிழை என்று எப்படித் தெரியும்?

எழுதப்பட்டதையே பொறி கற்கிறது. எழுதப்படாத மக்கள் அதன் கண்ணுக்குத் தெரியாத மக்கள். கரிசல் மக்கள் பேச்சு ஏடேறியது நேற்றுத்தான். இடைசெவல் என்னும் சிற்றூரில் 1923இல் பிறந்த கி. ராஜநாராயணன், தாமே மண்ணைக் கிளறிய சம்சாரி. 'கொச்சை' என்று பண்டிதர்கள் ஒதுக்கிய சொற்களைக் கதையில் ஏற்றினார். அதோடு நில்லாமல், கரிசல் வட்டார வழக்குச் சொற்களைத் திரட்டி அகராதியாகவே தந்தார். 1991இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது, 2021இல் மறைந்தார். அவர் அந்த அகராதியைத் தொகுத்தபோது அறிவுப் பொறியை எண்ணியிருக்க மாட்டார். ஆனால், கரிசலின் வாயைப் பொறி புரிந்துகொள்ள இன்று ஒரு திறவுகோல் தேவையென்றால், அது அங்கேதான் இருக்கிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் 'ஏஐ4பாரத்' குழுவினர், இந்தியாவின் 22 மொழிகளில் ஊர்ஊராகச் சென்று மக்களின் இயல்பான பேச்சைத் திரட்டி, அதனை 2024இல் பொதுவில் வைத்தனர். அகராதிக்காரர் தனி ஒருவராகச் செய்த பணியைக் கூட்டாகச் செய்யும் முயற்சி இது. வளரவேண்டும், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வரவேண்டும்.

திருப்பிக் கேட்கும் பொறி

சொல் புரிந்தால் மட்டும் போதுமா? போதாது. "மழை வருமா?" என்று உழவன் கேட்டால், அவன் வானிலைச் செய்தி கேட்கவில்லை, விதைக்கலாமா என்று கேட்கிறான். பக்கத்துக் காட்டுக்காரரிடம் இதைக் கேட்டால் அவர் உடனே விடை சொல்லமாட்டார். "என்ன விதை வைத்திருக்கிறாய்? பருத்தியா, உளுந்தா? மேட்டுக்காடா, பள்ளக்காடா? விதை சொந்தமா, கடனா?" என்று திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்விகளில் இருக்கிறது குறிப்பறிதல்! விடை சொல்வதைவிட, விடைக்கு முன் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்பதே அறிவு. கோடாங்கியும் கேள்வி கேட்கிறானே என்பீர்கள். அவன் கேட்பது, தனக்கு எல்லாம் தெரியும் என்று காட்டிக்கொள்ள. பக்கத்துக் காட்டுக்காரர் கேட்பது, தமக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ள. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் இந்தக் கட்டுரை முழுவதும்.

கோவில்பட்டியிலேயே அதற்கு நூறாண்டுச் சான்று நிற்கிறது. 1901இல் தொடங்கப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிலையம் அது. மானாவாரி நிலத்துக்கேற்ற பருத்தியும் சோளமும் அங்கே பிறந்தன. அவ்வூர்ப் பெயரின் முதலெழுத்தான 'கே' என்பதையே அந்த ரகங்கள் தாங்கி நிற்கின்றன. அவர்கள் ஒரு விதையைப் பரிந்துரைத்தால், எத்தனை பருவம் விதைத்துப் பார்த்தோம், எந்த மண்ணில், எத்தனை மழையில், எவ்வளவு விளைந்தது என்று கணக்குக் காட்டுவார்கள். கணக்கு இருப்பதால் மறுக்கலாம், மறுக்கமுடிவதால் நம்பலாம். மறுக்கமுடியாத சொல் குறி. மறுக்கத்தக்க சொல் அறிவு. ஃபுங்ஸ்ட் குதிரையின் கண்ணை மறைத்துச் செய்ததும் இந்தச் சோதனைதான்.

ஆகவே, பொறி வேண்டாம் என்று சொல்வதல்ல நம் வேலை. பொறியை உடைப்பவன் அறிவாளி அல்லன். பொறியைக் கும்பிடுபவனும் அறிவாளி அல்லன். ஆயுதபூசை நாளில் இயந்திரத்துக்குப் பொட்டிட்டு வணங்கும் நாட்டில், பேசும் இயந்திரத்தை வணங்க எவ்வளவு நேரமாகும்? அதைத் தடுப்பது நம் கடமை.

தடுக்கும் வழி என்ன? சம்சாரியின் குறிப்பைப் பொறி அறியவேண்டுமானால், அவன் மொழியை அது கற்கவேண்டும். ஐயம் வந்தால் திருப்பிக் கேட்கவேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவேண்டும். பொறியின் குறிப்பைச் சம்சாரி அறியவேண்டுமானால், விடைக்குக் காரணம் என்ன என்று கேட்க அவன் பழகவேண்டும். தான் விரும்பிய விடையே வந்தால், அப்போதுதான் இரட்டிப்பாக ஐயுறவேண்டும். பொறியின் விடையால் ஒருவனுக்கு உதவித்தொகை நின்றாலோ, விதை வீணானாலோ, முறையிடுவதற்கு முகமும் பெயரும் உள்ள ஒரு மனிதன் இருக்கவேண்டும். 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளி கதிரோடு வழக்காடவில்லை; கதிருக்கு உடையவனோடு வழக்காடினான். அந்தத் தெளிவு 2023இல் வந்த பொறிக்கும் வேண்டும். 'பொறி சொல்லிற்று' என்ற விடையை, 'சாமி சொல்லிற்று' என்ற பழைய விடையைப் போலவே நாம் ஏற்க மறுக்கவேண்டும். பொறியின் நோக்கம் யாதென்று அறிஞர்கள் ஆராயட்டும். பொறியை அமைத்தவன் நோக்கம் யாதென்று மக்கள் கேட்கட்டும்!

வானம் கறுக்கிறது. வரப்பில் நிற்பவன் கையில் கைப்பேசி இருக்கிறது. "விதைக்கலாமா?" என்கிறான். "விதைக்கலாம், நல்ல காலம் பிறக்கிறது" என்று அது சொன்னால், அது மின்சாரத்தில் ஓடும் உடுக்கை. "ஐயா, உங்கள் காடு எந்தப் பக்கம்? என்ன விதை? முன்மழை பெய்ததா? நான் சொல்வது தவறினால் உங்களுக்கு நட்டம் எவ்வளவு?" என்று அது கேட்டால், அவனும் "நீ சொல்வதற்கு ஆதாரம் என்ன?" என்று திருப்பிக் கேட்டால், அங்கே குறி ஒழிந்தது, குறிப்பறிதல் பிறந்தது.

அந்த இரண்டாவது உரையாடல் கரிசலில் நிகழவேண்டும். பொறிக்குக் கற்பிப்போர் ஒரு பாதியைச் செய்யட்டும். மறுபாதி, கேள்வி கேட்கும் துணிவு. அது எந்தப் பொறியிலும் வருவதல்ல. நாமே விதைத்து நாமே அறுக்கவேண்டியது.